நம்மூர் புழுக்கத்துக்கு ஏற்ற வாட்டர் கூலிங்: சத்தம் குறைந்த கேமிங் கம்ப்யூட்டருக்கு முழுமையான வழிகாட்டி

வாட்டர் கூலிங் என்பது கம்ப்யூட்டர் பாகங்களின் சூட்டை, சுற்றி ஓடும் தண்ணீரால் எடுத்து, ஃபேன் மாட்டிய ரேடியேட்டர் வழியாக வெளியேற்றும் முறை. அதைப் பற்றிய வீடியோக்களில் பெரும்பாலும் அறை வெப்பம் 20, 22 டிகிரி என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏசி இல்லாத மாடி அறைக்கு அது ஒத்துவராது. சித்திரை, வைகாசியில் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட்டுக்குக் கீழே உட்கார்ந்து விளையாடுகிறவருக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் 31, 32 டிகிரிதான். கூடவே கடல் காற்றின் ஈரமும் உப்பும். வீடியோவில் காட்டிய அதே பாகங்களை வாங்கி அதே மாதிரி மாட்டினாலும் இங்கே ஃபேன் இரையத்தான் செய்யும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் அறையை வைத்துக் கணக்குப் போட்டுவிடுங்கள். முதல் முறை செய்பவர் அந்தக் கணக்கில் தொடங்கி, தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, பின்னால் பராமரிப்பது வரைக்கும் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

கேம் ஓடும்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஃபேனின் வேகத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு ஃபேனுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள் போதும், மற்றவற்றை மதர்போர்டின் பயாஸ் செட்டிங்கிலேயே மாற்றலாம். பெரும்பாலான கேமிங் கம்ப்யூட்டர்களில் முக்கியக் குற்றவாளி கிராஃபிக்ஸ் கார்டுதான். ப்ராசஸர் கேமில் 60, 80 வாட் எடுக்கும்போது கார்டு 200 முதல் 350 வாட் வரை எடுக்கிறது. ப்ராசஸருக்கு மட்டும் ஒரு லிக்விட் கூலர் மாட்டிவிட்டு அமைதியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கார்டிலிருந்து கீச்சென்று ஒரு மெல்லிய சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள். அது காயில் வைன், கார்டின் மின்சுருள்கள் அதிர்வதால் வருவது. தண்ணீர் அதைக் குறைக்காது. ஃபேன் சத்தம் அடங்கியதும் அது இன்னும் தெளிவாகவே கேட்கும். ஃப்ரேம் ரேட்டுக்கு ஒரு வரம்பு வைத்தால் பல கார்டுகளில் அடங்கிவிடும்.

அப்புறம் சீலிங் ஃபேனை மறுபடியும் போடுங்கள். நம்மூரில் ஆண்டு முழுக்க அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதைத் தாண்டிக் கேட்கிற சத்தத்தைக் குறைத்தால் போதும், அதற்கும் கீழே போகச் செலவு செய்வது வீண். ஏசி அறையில் சீலிங் ஃபேன் இல்லாமல் இருப்பவர்கள்தான் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

காசு செலவழிக்கும் முன் வெப்பத்தைக் குறையுங்கள்

கார்டின் பவர் லிமிட்டை, அதாவது அது எடுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை, 75, 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். முடிந்தால் அண்டர்வோல்ட்டும் (மின்னழுத்தத்தைக் குறைப்பது) செய்யுங்கள். வேகத்தில் போவது சில சதவீதம்தான், வெப்பத்தில் குறைவதோ 60, 70 வாட். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. கேஸின் முன்பக்கம் மூடிய கண்ணாடியாக இருந்தால் மெஷ் உள்ள கேஸுக்கு மாறுவதும் நல்ல பலன் தரும். இவ்வளவு செய்ததுமே சத்தம் அடங்கிவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ப்ராசஸரும் கார்டும் சேர்ந்த முழு லூப்புக்கு, அதாவது தண்ணீர் சுற்றிவரும் மொத்த அமைப்புக்கு, 50,000 ரூபாயைத் தாண்டுவது இங்கே சாதாரணம்.

தண்ணீர் அறையைக் குளிர்விக்காது என்பதையும் மனதில் வையுங்கள். 350 வாட் வெப்பம் எந்த வழியில் வெளியேறினாலும் அது உங்கள் அறைக்குள்தான் வரும்.

ஏஐஓவா, கஸ்டம் லூப்பா

ஏஐஓ என்பது தொழிற்சாலையிலேயே தண்ணீர் நிரப்பி மூடி வருவது. மாட்டுவது எளிது, ஆனால் பெரும்பாலும் ப்ராசஸருக்கு மட்டும்தான். வீடியோ ரெண்டரிங் போல ப்ராசஸரைப் பிழிகிற வேலை செய்பவருக்கு 360 மி.மீ. ஏஐஓ சரியான தேர்வு. ரேடியேட்டரின் மேல் பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாட்டினால் போதும், உள்ளே இருக்கும் காற்று பம்பில் சிக்காது.

கேமிங் சத்தம்தான் பிரச்சினை என்றால் கார்டையும் தண்ணீரால் குளிர்விக்க வேண்டும். அதற்குக் கஸ்டம் லூப், அதாவது பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே இணைப்பது. இனிமேல் சொல்வது அதைப் பற்றி.

ரேடியேட்டர் கணக்கு

இந்த ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். ஒரே மாதிரி ஃபேன்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் சத்தம் ஏறக்குறைய 3 டெசிபெல் கூடும். அதே ஃபேன்களின் வேகத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். அதாவது நிறைய ஃபேன்கள் மெதுவாகச் சுற்றுவது, கொஞ்சம் ஃபேன்கள் வேகமாகச் சுற்றுவதைவிட எவ்வளவோ அமைதி. கிராஃபிக்ஸ் கார்டின் மேல் அவ்வளவு ஃபேன்களை வைக்க இடமில்லை. வெப்பத்தை அங்கிருந்து எடுத்து, இடமுள்ள ரேடியேட்டருக்குக் கொண்டுபோகத்தான் தண்ணீர்.

சரி, எவ்வளவு ரேடியேட்டர்? 30 மி.மீ. தடிமனுள்ள ரேடியேட்டரில், 120 மி.மீ. ஃபேன் ஒன்று 700, 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) சுற்றினால், தண்ணீர் அறையைவிட 10 டிகிரி சூடாக இருக்கும் நிலையில் தோராயமாக 40 வாட் வெளியேறும். 360 ரேடியேட்டரில் மூன்று ஃபேன், ஆக 120 வாட். வித்தியாசம் 15 டிகிரியானால் வெளியேறும் வெப்பமும் ஒன்றரை மடங்கு.

ஒரு உதாரணம். ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர் கார்டு 285 வாட், ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸர் கேமில் 80 வாட் என்று வைப்போம். மொத்தம் 365. இரண்டு 360 ரேடியேட்டர்கள் 10 டிகிரி வித்தியாசத்தில் 240 வாட் தள்ளும். 365 வாட்டைத் தள்ள வித்தியாசம் 15 டிகிரிக்குப் போகும். குளிர் நாட்டில் 22 டிகிரி அறையில் தண்ணீர் 37 டிகிரி, ஒரு கவலையும் இல்லை. நாகர்கோவிலில் 32 டிகிரி அறையில் அதுவே 47 டிகிரி. பம்புகள் பொதுவாக 60 டிகிரி வரை தாங்கும், ஆனால் டியூபும் சீல்களும் நீண்ட நாள் உழைக்க 45க்குள் வைப்பது நல்லது. அப்போது ஃபேன் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும். வீடியோவில் கேட்காத சத்தம் உங்கள் வீட்டில் கேட்பது இதனால்தான்.

இப்போது பவர் லிமிட்டைக் குறைத்ததைச் சேர்த்துப் பாருங்கள். கார்டு 215, ப்ராசஸர் 65, ஆக 280 வாட். அதே இரண்டு ரேடியேட்டருக்கு 12 டிகிரி வித்தியாசம், தண்ணீர் 44 டிகிரி, ஃபேன் 800 ஆர்பிஎம்மைத் தாண்டாது. இல்லையென்றால் மூன்றாவது ரேடியேட்டர் வேண்டும். ஏசியை 26ல் வைத்து விளையாடுபவருக்கு இரண்டே தாராளம்.

கணக்குப் போடும்போது உங்கள் அறையின் மோசமான நாளை எடுத்துக்கொள்ளுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்ட நிழலில் ஓட்டு வீட்டில் இருப்பவருக்கு 28, 29 டிகிரி போதுமாக இருக்கலாம். சாதாரண தெர்மாமீட்டரைக் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் ஒரு வாரம் தொங்கவிட்டாலே எண் கிடைத்துவிடும்.

மெதுவான ஃபேனுக்குத் தகடுகள் நெருக்கமாக இல்லாத ரேடியேட்டர் வேண்டும். விவரக்குறிப்பில் எஃப்பிஐ (ஒரு இஞ்ச்சுக்கு எத்தனை தகடு) என்று போட்டிருப்பார்கள், அது 16க்குள் இருக்கட்டும். 60 மி.மீ. தடிமனுக்குப் போவதைவிட 30 மி.மீ.யில் இன்னொன்று சேர்ப்பதே மெதுவான ஃபேனுக்குப் பலன் தரும். ஃபேனில் நாக்டுவா ஏ12எக்ஸ்25 நிதானமானது, விலை அதிகம். ஆர்க்டிக் பி12 குறைந்த விலையில் நல்ல வேலை செய்யும். ஆறு, ஒன்பது ஃபேன் வாங்கும்போது இந்த விலை வித்தியாசமே ஒரு ரேடியேட்டர் விலைக்கு வந்துவிடும். ஆர்க்டிக் வாங்கி மிச்சப் பணத்தை ரேடியேட்டரில் போடுவதுதான் என் தேர்வு.

கேஸை டேப்பால் அளங்கள்

360 ரேடியேட்டரின் உண்மையான நீளம் ஓரத் தொட்டிகளோடு 390, 400 மி.மீ. வரும். தடிமனுக்கு ரேடியேட்டர் 30, ஃபேன் 25, ஆக 55 மி.மீ. மேல்பக்கம் மாட்டினால் மதர்போர்டு ஹீட்சிங்கும் ராமும் இடிக்காமல் இந்த 55 இருக்கிறதா என்று பாருங்கள். லியான் லி ஓ11 டைனமிக் ஈவோ போன்ற கேஸில் மூன்று 360 வரை மாட்டலாம். ஒரு அட்டையை ரேடியேட்டர் அளவுக்கு வெட்டி உள்ளே வைத்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை, ஆனால் பார்சலைத் திருப்பி அனுப்பும் அலைச்சலை மிச்சமாக்கும்.

பிளாக், பம்பு

வாட்டர் பிளாக் என்பது சிப்பின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் உலோகக் கட்டி. கார்டுக்கான பிளாக் உங்கள் கார்டின் சரியான மாடலுக்கு என்றே செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒரே 4070 டிஐ சூப்பர் என்றாலும் ஒவ்வொரு நிறுவனத்தின் சர்க்யூட் போர்டும் வேறு. பிளாக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு அப்புறம் கார்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கார்டின் பழைய கூலரைக் கழற்றினால் வாரண்டி நிற்குமா என்பதை விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உலோகத்தில் ஒரே விதி: செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு ஆகியவை சேரலாம். அலுமினியம் கூடாது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கும், அந்தத் துகள் பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களை அடைக்கும். மலிவான கிட்களில் அலுமினிய ரேடியேட்டர் வரும், பார்த்து வாங்குங்கள்.

பம்பில் அமைதிக்கு டி5 வகையே நல்லது. ரிசர்வாயரோடு (தண்ணீர்த் தொட்டி) ஒன்றாக வருவதை வாங்கினால் முதல் முறைக்கு வேலை குறையும். முழு வேகத்தில் ஓட்டத் தேவையே இல்லை, பாதி வேகத்திலேயே தண்ணீர் போதுமான அளவு சுற்றும். கேஸில் நேராக முறுக்காமல் அடியில் ரப்பர் வாஷரோ ஃபோமோ வையுங்கள், இல்லாவிட்டால் கேஸ் தகடு முழுவதும் ரீங்காரமிடும்.

டியூப், ஃபிட்டிங்

முதல் முறைக்கு வளைக்கிற டியூப்தான். அதிலும் கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் டியூப். கண்ணாடி போன்ற டியூப் பார்க்க அழகு, ஆனால் நாளாக ஆக அதிலிருந்து பிளாஸ்டிசைசர் (டியூபை இளக்கமாக வைக்கும் வேதிப்பொருள்) கசிந்து பிளாக்கில் படியும், வெளிச்சம் பட்டால் பாசியும் பிடிக்கும். 10/16 அளவு, அதாவது உள் விட்டம் 10, வெளி விட்டம் 16 மி.மீ. சுவர் தடிமனாக இருப்பதால் வளைவில் மடியாது. ஃபிட்டிங்கும் அதே 10/16 ஆக இருக்க வேண்டும்.

எண்ணிக்கை: ப்ராசஸர் பிளாக் 2, கார்டு பிளாக் 2, இரண்டு ரேடியேட்டர் 4, பம்பு 2, ஆகப் பத்து. அதோடு 90 டிகிரி திரும்பும் ஃபிட்டிங் நான்கு, தண்ணீர் வடிக்க ஒரு டி ஃபிட்டிங், ஒரு பால் வால்வு, வால்வை இணைக்க ஒன்றிரண்டு உபரி. ஒன்று குறைந்தாலும் கூரியர் வரும்வரை சும்மா உட்கார வேண்டியதுதான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற கால் இஞ்ச் பித்தளை நிப்பிளை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கம்ப்யூட்டர் ஃபிட்டிங்கில் இருப்பது ஜி 1/4 என்ற நேர் மறை (ஸ்க்ரூ த்ரெட்), அதில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான் கசிவைத் தடுக்கிறது. கடையில் பெரும்பாலும் கூம்பு மறை வரும், முறுக்கினால் அக்ரிலிக் விரிசல் விடும்.

எந்தப் பாகத்துக்கு முதலில் தண்ணீர் போக வேண்டும் என்று பலர் குழம்புகிறார்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர் சுற்றும்போது 300 வாட் வெப்பம் தண்ணீரை ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் உயர்த்தும். ரிசர்வாயரிலிருந்து பம்புக்குத் தண்ணீர் தானாக இறங்க வேண்டும், அது மட்டும் கட்டாயம். மற்றது டியூப் குறைவாகப் போகிற வழியில் போகட்டும்.

என்ன தண்ணீர்

முக்கடல் அணைத் தண்ணீர் குடிக்க நல்லது, லூப்புக்கு ஆகாது. கிணற்றுத் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் அப்படியே. உப்பு கொஞ்சமாவது இருக்கும், அது படியும், அரிக்கும். முதல் முறைக்கு அரிப்புத் தடுப்பும் பாசித் தடுப்பும் கலந்த, நிறமில்லாத ரெடிமேட் கூலன்ட்தான் பாதுகாப்பு. பால் போன்ற கலர் கூலன்ட் நாளடைவில் படிந்து அடைக்கும், வேண்டாம்.

லூப்பைக் கழுவ டிஸ்டில்டு வாட்டர் ஐந்தாறு லிட்டர் வேண்டும். பேட்டரி கடையில் கேட்கும்போது "அண்ணே, டிஸ்டில்டு வாட்டர்தானே, ஆசிட் கலந்தது இல்லையே?" என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி கேனில் இருக்கும்.

மாட்டுவது, நிரப்புவது, சோதிப்பது

புது ரேடியேட்டருக்குள், பற்றவைக்கும்போது தடவிய ஃப்ளக்ஸ் பசை மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டரைச் சூடாக்கிப் பாதி ஊற்றி, இரண்டு வாயையும் மூடி நன்றாகக் குலுக்கி வெள்ளைத் துணியில் வடியுங்கள். துணியில் கறுப்போ நீலமோ தெரியாமல் போகும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இதைச் சுருக்கினால் ஆறே மாதத்தில் பிளாக் அடைக்கும்.

டியூபை நேர்க்கோட்டில் வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் ஒரு பக்கம் மட்டும் ஃபிட்டிங்கில் உட்காரும், மறுபக்கம் கசியும். நுனியைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் முக்கினால் இளகி, ஃபிட்டிங் முள்ளின் அடிவரை ஏறும். காலருக்கும் (ஃபிட்டிங்கின் இறுக்கும் வளையம்) டியூபுக்கும் இடையே சந்து தெரியக் கூடாது. ஃபிட்டிங்கைக் கையாலேயே முறுக்குங்கள். ஓ-ரிங் தட்டையாகி உட்கார்ந்ததும் கைக்குத் தெரியும், அதற்கு மேல் ஸ்பேனர் போட்டால் ரிங் பிதுங்கும்.

எல்லாம் மாட்டியதும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் காற்றை வைத்துச் சோதியுங்கள். சிறு கைப்பம்பும் மீட்டரும் சேர்ந்த லீக் டெஸ்டர் கிடைக்கிறது. 0.5 பார் வரை ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்காவிட்டால் தொடரலாம். இறங்கினால் ஒவ்வொரு ஃபிட்டிங்காகப் பாருங்கள். காய்ந்த நிலையில் கசிவைப் பிடித்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

நிரப்பும்போது பவர் சப்ளையில் பம்பு மட்டும் இணைந்திருக்க வேண்டும். மதர்போர்டு, கார்டு கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 24 பின் கேபிளில் ஜம்பர் ப்ளக் ஒன்றைச் செருகினால் பவர் சப்ளை தனியாக ஓடும். ஃபிட்டிங்குகளுக்குக் கீழே டிஷ்யூ பேப்பர் வையுங்கள். ரிசர்வாயரை நிரப்பி, பம்பை இரண்டு மூன்று விநாடி ஓட்டி நிறுத்துங்கள். தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கும். மறுபடி நிரப்பி மறுபடி ஓட்டுங்கள். பம்பு ஒருபோதும் வெறுமனே ஓடக் கூடாது, தண்ணீரே அதற்கு மசகு. மட்டம் நிலைத்ததும் கேஸை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்தால் ரேடியேட்டரில் மாட்டிய காற்று களகளவென்று வெளியேறும். அப்படியே ஒரு ராத்திரி ஓடட்டும். காலையில் டிஷ்யூ எல்லாம் காய்ந்திருந்தால் மற்ற கேபிள்களை மாட்டலாம்.

ஃபேனைத் தண்ணீர் வெப்பத்தோடு கட்டுங்கள்

இதை விட்டுவிட்டால் அத்தனை செலவும் பாதி வீண். ஃபேன் ப்ராசஸர் வெப்பத்தைப் பார்த்து ஓடினால், ஒரு பிரவுசர் திறந்தாலே ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கம்தான் காதை உறுத்துவது. ஜி 1/4 மறையில் மாட்டும் 10 கே தெர்மிஸ்டர் சென்சாரை லூப்பில் போட்டு, மதர்போர்டில் உள்ள இரண்டு பின் வெப்பநிலை ஹெடரில் இணையுங்கள். எல்லா போர்டிலும் இந்த ஹெடர் இருக்காது, இல்லாவிட்டால் தனி ஃபேன் கண்ட்ரோலர் வேண்டும்.

நம்மூருக்கு ஒரு தொடக்கம்: தண்ணீர் 38 டிகிரி வரை 500 ஆர்பிஎம், 42ல் 700, 45ல் 900, 48க்கு மேல் 1,300. தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், நிலையான வெப்பத்துக்கு வர 20 நிமிடமோ அதற்கு மேலோ பிடிக்கும். அதனால் வேகம் மாறுவதே காதுக்குத் தெரியாது. 7800எக்ஸ்3டி 89 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டது, கேமில் 75 காட்டினால் பதற வேண்டாம்.

பம்புக்கான மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து நேராக வரட்டும். வேகம் சொல்லும் கம்பியை மட்டும் சிபியு ஃபேன் ஹெடரில் மாட்டுங்கள். பம்பு நின்றால் போர்டு எச்சரிக்கும்.

கடலோரமும் பராமரிப்பும்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகக் கேஸை வைக்காதீர்கள். உப்பும் ஈரமும் தூசியோடு சேர்ந்து ரேடியேட்டர் தகட்டில் பசைபோல ஒட்டும், ஊதினால் போகாது, மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்றில் தூசி தனிக் கதை, அங்கே ஃபில்டரை மாதம் இருமுறை கழுவுங்கள். மற்ற இடங்களில் மாதம் ஒருமுறை ஃபில்டர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரேடியேட்டர். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைத்தே வைக்காமல் அவ்வப்போது ஓட்டுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் காயும்.

தண்ணீர் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது என்பதால் லூப்பின் மேல் வியர்க்குமோ என்ற பயம் வேண்டாம். ஏசியில் நன்றாகக் குளிர்ந்த அறையின் ஜன்னலை மழை நாளில் திறந்தால் மட்டும், அணைத்து வைத்த கம்ப்யூட்டரின் உலோகப் பாகங்களில் ஈரம் படியலாம். அப்போது அரை மணி நேரம் பொறுத்து ஆன் செய்யுங்கள்.

கூலன்டை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்போதே பிளாக்கைத் திறந்து பள்ளங்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, தடித்துப்போன ஓ-ரிங்குகளை மாற்றிவிடலாம். வடித்த கூலன்டைக் கிணற்றடியிலோ வாழைமூட்டிலோ ஊற்றாதீர்கள். பல கூலன்டுகளில் எத்திலின் கிளைக்கால் இருக்கிறது, அது விஷம், இனிப்பாகவும் இருப்பதால் நாயும் ஆடும் நக்கும். மூடியுள்ள கேனில் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய கூலன்ட் சேர்க்கிற கார் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.